எந்த ஈயம்? பென்சில் மின்முனையால் ஒரு சொம்பைச் சோதித்த பதிவு

கல்பாத்தித் தேர் முடிந்த வாரத்தில் உடன் வேலை செய்யும் நண்பரின் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவருடைய தாயார் இரண்டு ஈயச்சொம்புகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஒன்று அவருடைய கல்யாணச் சீரோடு வந்தது. அடி நசுங்கி, வாய் சற்றே கோணியிருந்தது. மற்றொன்று மருமகளுக்காக அண்மையில் வாங்கியது. “இது அம்மா தந்தது, நல்ல ஈயமாக்கும். புதுசைத் தொடைச்சா துணியில கறுப்பா இழுக்கறது. என்னன்னு பாருங்கோ, மாஷே” என்றார். நான் கொழிஞ்சாம்பாறைக்காரன், கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன். மாஷ், அதாவது ஆசிரியர், இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் மாமி கேட்பதில்லை.

ஈயச்சொம்பு ரசத்தைப் பற்றிப் பாலக்காட்டுத் தமிழ் வீடுகளில் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும், வெறும் சொம்பைத் தீயில் வைத்தால் உருகிவிடும் என்பதும் எல்லோரும் அறிந்ததே. வெள்ளீயம் 232 பாகையிலேயே உருகும் உலோகம். சிக்கல் பெயரில் இருக்கிறது. சொம்புக்கு வேண்டிய உலோகம் வெள்ளீயம்; நஞ்சான உலோகம் காரீயம்; கடையிலும் சமையலறையிலும் இரண்டுக்கும் ஈயம் என்ற ஒரே சொல்தான் வழங்குகிறது. மலையாளத்திலும் வெளுத்தீயம், கறுத்தீயம் என்று நிறத்தை முன்னால் ஒட்டித்தான் பிரிக்கிறார்கள். ரோமானியர்கள்கூட இரண்டையும் ப்ளம்பம் என்றே அழைத்து, ஒன்றை வெள்ளை என்றும் மற்றதைக் கறுப்பு என்றும் வேறுபடுத்தினார்கள். ஆகவே இது நம்முடைய மொழிக்கு மட்டும் உரிய குழப்பம் அன்று.

துணியில் சாம்பல் நிறக் கோடு விழுவது காரீயத்தின் பழைய அடையாளம். ஆனால் அழுக்கும் ஆக்சைடுப் படலமும் அப்படி இழுக்கக்கூடும் என்பதால் அதை மட்டும் நம்பி முடிவு சொல்ல நான் விரும்பவில்லை. அப்போது என் வீட்டு மேசையில், கிணற்றுத் தண்ணீரைச் சோதிப்பதற்காகத் தொடங்கிப் பாதியில் விட்டிருந்த ஒரு காரீய உணரி கிடந்தது. அதை முடிப்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது என்றுதான் முதலில் நினைத்தேன்.

உணரியின் அடிப்படை எளிது. கரைசலில் கரைந்திருக்கும் காரீய அயனிகள் மிகக் குறைவு; குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500 அனுமதிக்கும் உச்ச அளவே லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதாவது 10 மைக்ரோகிராம்தான். இவ்வளவு குறைந்த அளவை நேரடியாக அளக்க முயன்றால் குறிகை இரைச்சலில் மூழ்கிவிடும். ஆகவே, ஒரு சிறிய மின்முனையை எதிர்மின்னழுத்தத்தில் சில நிமிடங்கள் வைத்திருந்து, கரைசலில் உள்ள காரீயத்தை அதன் மேல் உலோகமாகப் படியவைத்துச் சேமிக்கிறோம். பிறகு மின்னழுத்தத்தைப் படிப்படியாக நேர்த்திசையில் உயர்த்துகிறோம். ஒவ்வோர் உலோகமும் தனக்குரிய மின்னழுத்தத்தில் மீண்டும் கரைந்து கழன்று போகிறது. அந்த நொடியில் எழும் மின்னோட்டம் வரைபடத்தில் ஒரு முகடாகத் தெரிகிறது. முகடு நிற்கும் இடம் எந்த உலோகம் என்பதையும், அதன் உயரம் எவ்வளவு என்பதையும் சொல்லும். குறைந்தபட்சம் அப்படித்தான் நான் நம்பியிருந்தேன்.

இந்த வழியின் மூலம் 1922இல் செக் வேதியியலாளர் ஹெய்ரோவ்ஸ்கி சொட்டும் பாதரசத்தை மின்முனையாகக் கொண்டு தொடங்கிய போலரோகிராபி என்ற மின்வேதிப் பகுப்பாய்வு. அதற்காக அவருக்கு 1959இல் நோபல் பரிசு கிடைத்தது. நஞ்சைக் கண்டுபிடிக்க இன்னொரு நஞ்சை மேசையில் வைத்திருக்க வேண்டியிருந்த அந்த நிலை, 2000ஆம் ஆண்டில் ஜோசப் வாங்கின் குழு பாதரசத்துக்குப் பதில் பிஸ்மத் படலத்தைப் பயன்படுத்திக் காட்டியபோது மாறியது. பிஸ்மத் காரீயத்தோடு எளிதில் கலந்து படியும். அதன் நச்சுத்தன்மையும் மிகக் குறைவு. வீட்டில் இந்தச் சோதனையைச் செய்யும் துணிவு எனக்கு வந்ததே இந்தப் பிஸ்மத்தால்தான்.

மின்முனைக்கு 0.7 மில்லிமீட்டர் எச்பி பென்சில் முனையைத் தேர்ந்தெடுத்தேன். இங்கும் பெயர்க் குழப்பம் விடவில்லை: பென்சிலின் உள்ளே இருப்பது ஒருபோதும் காரீயமாக இருந்ததில்லை, அது கிராபைட்; இருந்தாலும் ஆங்கிலத்தில் அதற்கு இன்றும் காரீயத்தின் பெயர்தான். முனையை உலோகப் பிடியுள்ள தானியங்கிப் பென்சிலில் செருகி, பிடியின் பின்புறத்தில் கம்பியைப் பற்றவைத்து, நுனியில் சரியாக 10 மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியுமாறு மீதிப் பகுதியை நகப்பூச்சால் மூடினேன். ஒவ்வொரு நாளும் புது முனை போட்டுக்கொள்ளலாம் என்பது இதன் பெரிய வசதி. விலை உயர்ந்த கண்ணாடிக்கார்பன் மின்முனையைக் கூழ் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கும் வேலை இதில் இல்லை.

மின்னோட்டம் சுற்றை முழுமையாக்க உதவும் எதிர்முனைக்குப் பழைய டார்ச் செல்லை உடைத்து எடுத்த கார்பன் தண்டைப் போட்டேன். சிக்கனமாகத் தோன்றிய இந்த முடிவு ஒரு வாரத்தை விழுங்கியது. அமிலத்தன்மையை மாறாமல் வைத்திருக்கும் வெறும் தாங்கல் கரைசலிலேயே −1.1 வோல்ட் அருகே ஒரு முகடு எழுந்துகொண்டிருந்தது, அது துத்தநாகம். செல்லின் உறையே துத்தநாகம் என்பதை மறந்து, தண்டைத் துடைத்தால் போதும் என்று நினைத்திருக்கிறேன். நீர்த்த அமிலத்தில் இரண்டு முறை கொதிக்கவைத்த பிறகும் முகடு முழுதாகப் போகாததால், 2 மில்லிமீட்டர் வரைபடப் பென்சில் முனை ஒன்றை அந்த இடத்தில் வைத்தேன்.

மின்னழுத்தத்தை அளக்க நிலையான அளவுகோலாக நிற்கும் ஒப்பீட்டு மின்முனைக்கு வெள்ளிக் கம்பி வேண்டும். முதலில் அறுந்துபோன கொலுசுத் துண்டு ஒன்றைப் பயன்படுத்தினேன்; அதில் செம்பு கலந்திருந்ததால் மின்னழுத்தம் நிலைக்கவில்லை, ஒரு மணி நேரத்துக்குள் முகடுகள் எல்லாம் பக்கவாட்டில் நகர்ந்தன. பிறகு தட்டாரிடம் சொல்லிச் சுத்த வெள்ளியில் ஒரு சாண் கம்பி இழுத்து வாங்கி, துணி வெளுக்கும் ஹைப்போகுளோரைட் திரவத்தில் அரை மணி நேரம் ஊறவைத்தேன். கம்பி கருஞ்சாம்பல் நிறத்தில் சில்வர் குளோரைடு பூசிக்கொண்டது. அதை நிறைவுற்ற பொட்டாசியம் குளோரைடுக் கரைசலோடு ஒரு சிறு குழாயில் இட்டு, குழாயின் அடியைப் பஞ்சுத் திரியால் அடைத்தேன். அதன் பிறகு ஒரு மாதம் வரை அது அசையவில்லை.

மின்சுற்றில் சொல்லத்தக்கது ஒன்றுதான். மூன்று மின்முனைகளையும் நிர்வகிக்கும் பொட்டென்ஷியோஸ்டாட் சுற்றை, கையிருப்பில் இருந்த எல்எம்324 என்னும் ஆப்-ஆம்ப் பெருக்கிச் சில்லில்தான் முதலில் கட்டினேன். அந்தச் சில்லு உள்ளீட்டிலேயே சில பத்து நானோஆம்பியர் இழுக்கும். ஒப்பீட்டு மின்முனையோ மின்னோட்டம் எதுவும் பாயாமல் இருந்தால்தான் நம்பத்தக்கது. கோவையிலிருந்து எம்சிபி6004 வாங்கிவந்து மாற்றியபோது அடிக்கோடு அமைதியடைந்தது. மின்னோட்டத்தை மின்னழுத்தமாக மாற்றும் படியில் 47 கிலோஓம் மின்தடை, அளப்பதற்கு ஏடிஎஸ்1115, கட்டுப்பாட்டுக்கு ஆர்டுயினோ நானோ. மடிக்கணினியின் சார்ஜர் மாட்டியிருந்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வரைபடத்தில் ரம்பப் பல் போல வருகிறது. ஆகவே பவர் பேங்கில் இயக்கி, முழு அமைப்பையும் ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, டின்னைத் தரையோடு இணைத்தேன். கரைசலைக் கலக்குவதற்குக் கணினி விசிறி ஒன்றின் நடுவில் இரண்டு காந்தங்களை ஒட்டிக்கொண்டேன்.

அளவீட்டு முறை வருமாறு. தாங்கல் கரைசல் 0.1 மோலார் அசிட்டேட், பிஎச் 4.5. அதில் லிட்டருக்கு 500 மைக்ரோகிராம் அளவில் பிஸ்மத் நைட்ரேட். −1.2 வோல்ட்டில் கலக்கியபடி 120 வினாடி படிவு; கலக்குவதை நிறுத்தி 10 வினாடி ஓய்வு; பிறகு 25 ஹெர்ட்ஸ் சதுர அலையுடன் −0.2 வோல்ட் வரை ஏற்றம். நியமக் கரைசலுக்கு 1.598 கிராம் காரீய நைட்ரேட்டை ஒரு லிட்டர் நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்தால் லிட்டருக்கு 1000 மில்லிகிராம் காரீயம் கிடைக்கும். அதிலிருந்து மூன்று படிகளில் நீர்த்துக்கொள்ள வேண்டும். அமிலம் சேர்க்காமல் வைத்தால் குறைந்த செறிவில் காரீயம் கண்ணாடிச் சுவரிலேயே ஒட்டிக்கொள்கிறது. காலையில் செய்த கரைசல் மாலையில் பாதியாகிவிடும்.

இனி வெற்றுக் கரைசலின் கதைக்கு வருகிறேன். எதுவும் சேர்க்காத தாங்கல் கரைசலில் −0.5 வோல்ட் அருகே, காரீயம் வர வேண்டிய அதே இடத்தில், கணிசமான ஒரு முகடு எழுந்தது. தண்ணீரை மாற்றினேன், இருமுறை காய்ச்சி வடித்த நீரிலும் அதே முகடு. அசிட்டிக் அமிலத்தை மாற்றினேன், பீக்கரை மாற்றினேன், குழாய்முனைகளை நைட்ரிக் அமிலத்தில் இரவு முழுதும் ஊறவைத்தேன். ஒரு நாள் முகடு சிறியது, மறுநாள் பெரியது. அதில் ஒழுங்கே தெரியவில்லை. பிறகு குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டியபோதுதான், முகடு பெரிதாக இருந்த நாட்கள் எல்லாம் அன்று காலையில் நான் சுற்றில் ஏதாவது பற்றவைத்த நாட்கள் என்பது தெரிந்தது. என் சால்டர் கம்பி 60/40 வகை: அறுபது பங்கு வெள்ளீயம், நாற்பது பங்கு காரீயம். உறுதிசெய்வதற்காக, சால்டர் கம்பியை இரண்டு நிமிடம் கையில் பிடித்திருந்துவிட்டு, கழுவிவைத்த பீக்கரின் உள்விளிம்பை ஒரு முறை விரலால் தொட்டேன். முகடு நான்கு மடங்கானது.

பதினேழு ஆண்டுகளாக அந்தக் கையோடுதான் மேசையிலேயே தேநீர் குடித்து முறுக்குத் தின்று வந்திருக்கிறேன். சால்டர் செய்யும் சூட்டில் காரீயம் ஆவியாவதில்லை என்பதால் புகையைப் பற்றி மட்டும் கவலைப்படாமல் இருந்தேன். விரலிலிருந்து வாய்க்குப் போகும் வழியை எண்ணிப் பார்க்கவில்லை. காரீயம் உடலுக்குள் கால்சியத்தைப் போல நடித்து எலும்பில் குடியேறும், இரத்தத்தின் ஹீம் உருவாக்கத்தில் ஒரு நொதியை முடக்கும், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்றெல்லாம் மாணவர்களுக்கு எழுதிப்போட்டது எனக்கு உறைக்க ஒரு வரைபடம் தேவைப்பட்டிருக்கிறது. அன்றே உணரி மேசையை வேறு அறைக்கு மாற்றினேன், கையுறை போட்டேன், முகடு அடிக்கோட்டில் அடங்கியது. பத்து வெற்று அளவீடுகளின் சிதறலிலிருந்து கணக்கிட்டபோது, என் கருவி காணக்கூடிய மிகக் குறைந்த அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 4 மைக்ரோகிராம் என்று வந்தது. கிணற்றுத் தண்ணீருக்கு இது போதுமானது.

சொம்புகளின் முறை வந்தது. பீங்கான் பாத்திரங்களிலிருந்து காரீயம் கசிகிறதா என்று பார்ப்பதற்கு 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை அறை வெப்பத்தில் 24 மணி நேரம் ஊற்றிவைப்பது வழக்கமான நியம முறை. அதையே பின்பற்றினேன். இதில் ஒரு கூடுதல் நன்மையும் உண்டு: ஊறல் நீரைப் பாதியளவு சோடியம் ஹைட்ராக்சைடால் நடுநிலையாக்கினால் அதுவே அசிட்டேட் தாங்கல் ஆகிவிடுகிறது, வேறு தாங்கல் சேர்க்க வேண்டியதில்லை.

புதிய சொம்பின் ஊறல் நீரை நூறு மடங்கு நீர்த்த பிறகும் முகடு தெளிவாக நின்றது. எதிர்பார்த்ததுதான். ஆனால் மாமியின் அம்மா தந்த பழைய சொம்பின் ஊறல் நீரிலும், ஏறக்குறைய அதே உயரத்தில், அதே −0.5 வோல்ட் அருகே முகடு எழுந்தது. அந்தச் சொம்பில் ஐம்பது ஆண்டுகளாக ரசம் கொதித்திருக்கிறது. தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டு, ஏதோ தயக்கத்தில் கீழே வைத்தேன். அந்தத் தயக்கத்துக்கு நான் இன்றும் நன்றியுடையவன்.

மறுநாள் கல்லூரி ஆய்வகத்தில் நைட்ரோபென்சீன் ஒடுக்கச் சோதனைக்காக வைத்திருக்கும் தூய வெள்ளீயக் குருணையில் நான்கைந்தை எடுத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, உரிய அளவுக்கு நீர்த்து உணரியில் வைத்தேன். காரீயம் எள்ளளவும் இல்லாத அந்தக் கரைசல், காரீயத்தின் இடத்திலிருந்து 30 மில்லிவோல்ட் கூடத் தள்ளாமல் ஒரு முகட்டை வரைந்தது. பாடநூலைத் திறந்து பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்: காரீயத்தின் நியம மின்னழுத்தம் −0.126 வோல்ட், வெள்ளீயத்தினுடையது −0.136 வோல்ட் (இவை ஹைட்ரஜன் மின்முனையோடு ஒப்பிட்ட எண்கள்; என் வெள்ளிக் கம்பியோடு ஒப்பிட்டவை அல்ல). இடைவெளி பத்தே மில்லிவோல்ட். என் முகடுகளின் அகலமே ஐம்பது மில்லிவோல்ட்டுக்கு மேல். ஈயம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் அடைத்துவைத்த கடைக்காரரைப் போலவே என் பென்சில் முனையும் இரண்டையும் ஒன்றாகவே பார்த்திருக்கிறது. வெற்றுக் கரைசலில் என் விரலிலிருந்து வந்த முகட்டிலும் பாதிக்கு மேல் வெள்ளீயமாக இருந்திருக்கலாம் என்பது அப்போதுதான் விளங்கியது.

மின்னணுவியலைச் சில நாட்கள் ஓரமாக வைத்துவிட்டு, தராசை எடுத்தேன். வெள்ளீயத்தின் அடர்த்தி சுமார் 7.3, காரீயத்தினுடையது 11.3. இவ்வளவு பெரிய வேறுபாடு இருக்கும்போது ஆர்க்கிமிடீஸ் வழியே போதும். 0.1 கிராம் வரை காட்டும் தராசின் மேல் நீர் நிறைந்த வாளியை வைத்து, காட்சியைச் சுழியாக்கி, மீன்பிடி நரம்பில் கட்டிய சொம்பை வாளியின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் நீருக்குள் முழுதும் இறக்க வேண்டும். அப்போது தராசு காட்டும் கிராம் கணக்குதான் சொம்பு இடம்பெயர்த்த நீரின் எடை. சொம்பைச் சாய்த்து மெல்ல நிரப்பி இறக்காவிட்டால் கழுத்தின் உட்பக்கத்தில் காற்றுக் குமிழி தங்கிவிடும். எனக்கு முதல் இரண்டு முறையும் தங்கியது, பழைய சொம்பின் அடர்த்தி 6.9 என்று வந்து சிரிக்கவைத்தது. குமிழியை இறகால் தட்டி விரட்டிய பிறகு கிடைத்தவை இவை: பழைய சொம்பு காற்றில் 642.0 கிராம், இடம்பெயர்த்த நீர் 87.9 கிராம், புதிய சொம்பு 518.5 கிராம், இடம்பெயர்த்த நீர் 68.0 கிராம். நீரின் வெப்பத்துக்கான சிறு திருத்தத்தையும் சேர்த்தால் பழையது 7.28, புதியது 7.60.

பழையது கிட்டத்தட்டத் தூய வெள்ளீயம். புதியதில் கலந்திருப்பது காரீயம்தான் என்று வைத்துக்கொண்டால், எடையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் என்று கணக்கு வருகிறது. ஆனால் செம்பைக் கலந்தாலும் அடர்த்தி ஏறும். அடர்த்தி சந்தேகத்தை வலுப்படுத்துமே தவிர, கலந்திருப்பது எந்த உலோகம் என்று அதனால் சொல்ல முடியாது. அதற்கு உணரிதான் வேண்டும், அந்த உணரியின் கண்ணிலிருந்து வெள்ளீயத்தை மறைக்கவும் ஒரு வழி வேண்டும்.

வழியைக் காட்டியது ஒரு கவனக்குறைவு. தூய வெள்ளீயத்தின் நீர்த்த கரைசலை, பிஎச் 4.5இல், மூடாமல் மேசையிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போயிருந்தேன். காலையில் பீக்கரின் அடியில் பால் கலந்தது போல ஒரு மங்கல் தெரிந்தது. அளந்தபோது முகடு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. இரவெல்லாம் காற்றின் ஆக்சிஜன் இரண்டு மின்சுமை கொண்ட வெள்ளீய அயனியை நான்கு மின்சுமை கொண்டதாக மாற்றியிருக்கிறது. அந்த நிலையில் வெள்ளீயத்தால் இவ்வளவு குறைந்த அமிலத்தன்மையில் கரைந்திருக்க முடியாது. நீரேற்றப்பட்ட ஆக்சைடாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். காரீயத்துக்கு இந்தச் சங்கடம் இல்லை. அது அசிட்டேட்டில் நிம்மதியாகக் கரைந்தே கிடக்கும்.

இரவு செய்ததைப் பகலில் வேண்டுமென்றே செய்தேன். ஊறல் நீரில் சில துளி ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு, கொதிநிலைக்குக் கீழே இருபது நிமிடம் சூடாக்கி, ஆறவைத்து, 0.45 மைக்ரான் ஊசி வடிகட்டியில் வடித்தேன். சாதாரண வடிதாளில் இந்த வீழ்படிவு நிற்பதில்லை, மிக நுண்ணியது. வடித்த பிறகு மீதமுள்ள பெராக்சைடு போகும்வரை கொதிக்கவைக்கவும் வேண்டும்; இல்லையென்றால் அதுவே மின்முனையில் ஒடுக்கமடைந்து அடிக்கோட்டை மலை போலச் சரித்துவிடும். இந்தப் படியை ஒருமுறை தவறவிட்டதில் ஒரு முழு மாலை வீணானது.

பழைய சொம்பின் முகடு மறைந்தது. புதிய சொம்பின் முகடு சற்றே குறைந்து, அதே இடத்தில் நின்றது. பழைய சொம்பின் நீரில் லிட்டருக்கு 20 மைக்ரோகிராம் காரீயத்தை நானே சேர்த்து எல்லாப் படிகளையும் மீண்டும் நடத்தியபோது 16 மட்டுமே திரும்பக் கிடைத்தது. அதாவது, வெள்ளீய வீழ்படிவு கீழே போகும்போது காரீயத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. ஆகவே என் கருவி காட்டும் எண் எப்போதும் உண்மையைவிடக் குறைவு என்பதை நினைவில் வைத்துத்தான் படிக்க வேண்டும். இந்தத் திரும்பப் பெறும் சோதனையைச் செய்யாமல் எண்களை வெளியிடும் வீட்டுக் கருவிப் பதிவுகள் மீது எனக்கு இப்போது கொஞ்சம் கோபமே வருகிறது.

இருபத்துநான்கு மணி நேர அமில ஊறல் ஒரு கடும் சோதனை. யாரும் ரசத்தை அவ்வளவு நேரம் சொம்பில் வைப்பதில்லை. மாமி கேட்பது ரசத்தைப் பற்றி. ஆகவே இரண்டு சொம்பிலும் அரை லிட்டர் புளித்தண்ணீரை ஊற்றி, நுரை கட்டும்வரை பத்து நிமிடம் சூடாக்கி, ஆறவைத்து எடுத்தேன். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் இரண்டு ஈயத்தையுமே பிணைத்துக் கரைக்கும் தன்மை கொண்டது. அசிட்டிக் அமிலத்தைவிட இதுவே ரசத்துக்கு நெருங்கிய சோதனை. ஆனால் புளியின் பிசின் பொருட்கள் பென்சில் முனையைப் பூசி மூடிவிட்டன, முகடே எழவில்லை. கரிமப் பொருட்களை அழிப்பதற்காக, கல்லூரியின் புகை வெளியேற்றிக்குள் வைத்து அடர் நைட்ரிக் அமிலத்தோடு காய்ச்சினேன். அப்போது அடியில் வெள்ளைத் தூள் சேர்வதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. பற்றாசில், அதாவது சால்டரில், இரண்டு உலோகங்களையும் பிரிக்கும் பழைய பகுப்பாய்வே இதுதான்: நைட்ரிக் அமிலத்தில் வெள்ளீயம் மெட்டாஸ்டானிக் அமிலமாகத் தூளாகிக் கீழே விழும், காரீயம் நைட்ரேட்டாகக் கரைசலில் நிற்கும். ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நான் எடுத்துவைக்கும் சோதனைதான். பெராக்சைடு, இருபது நிமிடச் சூடு என்று நான் பட்ட பாட்டை அந்த அமிலமே தானாக முடித்துவைத்திருந்தது.

புதிய சொம்பின் புளித்தண்ணீரில் லிட்டருக்கு 0.41 மில்லிகிராம் காரீயம் என்று உணரி சொன்னது. இதிலும் திரும்பப் பெற்ற அளவு எண்பது சதவீதம் என்பதால் திருத்தினால் 0.51. பழைய சொம்பில் முகடு இல்லை. ஆனால் காய்ச்சி நீர்த்ததில் என் கருவியின் எல்லை 0.02 ஆக ஏறியிருந்தது. அதற்குக் கீழே என்று மட்டுமே சொல்ல முடிந்தது, காரீயமே இல்லை என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஆகவே அதே இரண்டு நீரையும் கோவையில் அங்கீகாரம் பெற்ற ஓர் ஆய்வகத்துக்கு, வேலந்தாவளம் வழியாகப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர்களுடைய ஐசிபி-எம்எஸ் என்ற நுண்ணளவு உலோகப் பகுப்பாய்வுக் கருவி புதிய சொம்புக்கு 0.54 என்றும் பழையதற்கு 0.004 என்றும் அறிக்கை தந்தது. குடிநீர் வரம்போடு ஒப்பிட்டால் முதலாவது ஐம்பது மடங்கைத் தாண்டுகிறது. இரண்டாவது வரம்புக்குள் அடங்குகிறது.

மாமியிடம் போய்ச் சொன்னேன். பழைய சொம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “அம்மா தந்ததாக்கும்” என்று மறுபடியும் சொன்னார். நண்பர் அறிக்கையின் நகலோடு சொம்பு வாங்கிய கடைக்குப் போனார். கடைக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஈயச்சொம்புன்னு கேட்டீங்க, ஈயம்தானே குடுத்திருக்கு” என்றாராம். ஏமாற்றும் எண்ணத்தோடு சொன்னதாகத் தனக்குத் தோன்றவில்லை என்று நண்பர் கூறினார். மொத்த வியாபாரி கொடுத்ததை அவர் விற்றிருக்கிறார். பில்லிலும் ஈயம் என்றே இருக்கிறது. வாங்குகிறவர்கள் வெள்ளீயம் என்று எழுதித் தரச்சொல்லிக் கேட்பதும், வாளியும் தராசும் இருந்தால் வீட்டிலேயே அடர்த்தி பார்ப்பதும் இப்போதைக்கு என்னால் சொல்ல முடிந்த இரண்டு யோசனைகள். அடர்த்தி 7.4ஐத் தாண்டினால் அந்தச் சொம்பில் புளி ஊற்ற வேண்டாம்.

பணத்தைத் திரும்பத் தராததால் புதிய சொம்பு என்னிடமே தங்கிவிட்டது. அதன் வாயிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி, எண்ணிட்ட குப்பியில் வைத்திருக்கிறேன். உணரியை எடுக்கும் ஒவ்வொரு நாளும் முதலில் தூய வெள்ளீயக் குருணையின் கரைசலையும், பிறகு இந்தத் துண்டின் கரைசலையும் ஓட்டிப் பார்க்கிறேன். முதலாவதில் முகடு எழுந்தால் அன்று வெள்ளீயம் சரியாகப் பிரியவில்லை. இரண்டாவதில் எழாவிட்டால் பென்சில் முனை கெட்டுவிட்டது. கழிவுக் கரைசல் எல்லாம் ஐந்து லிட்டர் கேனில் சேர்கிறது. சாக்கடையில் ஊற்றுவதில்லை, கல்லூரியின் அபாயக் கழிவோடு போகும். கிணற்றுத் தண்ணீர் இன்னும் அளக்கப்படாமல் வரிசையில் நிற்கிறது. அதற்கு முன்னால், பற்றவைத்த கம்பியுள்ள அந்தப் பென்சில் பிடியைக் கழற்றி எறிந்துவிட்டுத் திருகு வைத்த பித்தளைப் பிடி ஒன்று கடையச் சொல்லியிருக்கிறேன். பித்தளையிலும் கொஞ்சம் காரீயம் சேர்ப்பார்கள் என்பது லேத் பட்டறையில் முன்பணம் கொடுத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.